பேனர்களுக்குத் தாகம் எடுத்த பங்குனி

வெள்ளாங்கரை பஸ் ஸ்டாண்டுல, பங்குனி வெயில் தார் ரோட்ட உருக்கிக்கிட்டு இருந்த ஒரு மத்தியானத்துல, காதணி விழா பேனர்ல சிங்கத்து மேல கிரீடம் வச்சு உக்காந்திருந்த கைக்குழந்தை மொதல்ல வாயத் தொறந்து "தண்ணி"ன்னு அழுதுச்சு, அதப் பாத்து பக்கத்து கல்யாண பேனர்ல நின்ன மாப்பிள்ளை நாக்க நீட்டுனாரு, அவருக்குக் கீழ கூலிங் கிளாஸ் போட்டு வரிசையா நின்ன அன்புத் தம்பிங்க எல்லாரும் தொண்டையச் செருமுனாங்க, அப்புறம் ரோட்டுக்கு ரெண்டு பக்கமும், ரைஸ் மில்லு செவுத்துலயும், டிரான்ஸ்பார்மர் கம்பத்துலயும், கும்பிட்ட கைய எறக்காம மாசக்கணக்கா நின்னுக்கிட்டிருந்த அத்தன மூஞ்சியும் சேந்து தண்ணி தண்ணின்னு கேக்க ஆரம்பிச்சிருச்சு. டீக்கடை மாஸ்டர் எதையும் யோசிக்கல. ஸ்டூலப் போட்டு ஏறி ஒரு சொம்புத் தண்ணிய அந்தக் குழந்தை வாயில ஊத்திட்டு, "இந்த வெயில்ல யாருக்குத்தான் தாகம் எடுக்காது"ன்னு சொல்லிக்கிட்டே எறங்கி, மறுபடி பாய்லர் முன்னால போய் நின்னுட்டாரு.

ஊரு அதுக்கு மேல ஆச்சரியப்படல. சண்ட வந்ததெல்லாம் வேற விசயத்துக்கு. தலைவரு பேனருக்கு ஏணி வச்சு ஏறுறப்ப செருப்பக் கழட்டணுமா வேண்டாமா, சொம்ப வாயில வச்சே குடுக்கலாமா இல்ல எச்சில் படாம தூக்கி ஊத்தணுமா, பேச்சுவார்த்த இல்லாத பங்காளி பேனர் கேட்டா குடுக்கலாமா கூடாதான்னு ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு சொன்னாங்க. ஊத்துன தண்ணி எங்க போகுதுன்னுதான் ஒருத்தருக்கும் புரியல. ஊத்த ஊத்த உள்ள போச்சு, கீழ ஒரு சொட்டு சிந்தல, பின்னால போய் எட்டிப் பாத்தா காஞ்ச சவுக்குக் கம்பும் ஆணியும் மட்டும்தான் இருந்துச்சு.

கொஞ்ச நாள்ல அது பழகியும் போச்சு. வாசத் தெளிச்சு முடிச்ச கையோட பொம்பளைங்க குடத்தத் தூக்கிக்கிட்டு அவங்கவங்க வீட்டு பேனருக்குக் கெளம்பிருவாங்க. சிங்கப்பூர்ல இருந்து வந்தவரு தன்னோட வரவேற்பு பேனருக்குத் தானே எலுமிச்சம்பழம் புழிஞ்சு சர்பத் ஊத்துனாரு. "நான் கெடந்து லொக்கு லொக்குன்னு இருமுறேன், ஒரு டம்ளர் வெந்நி வச்சுத் தர நாதியில்ல, ரோட்டுல நிக்கிற அந்த மூஞ்சிக்கு மட்டும் சர்பத்து கேக்குதோ"ன்னு அவரு பொண்டாட்டி தெரு முழுக்கக் கேக்குற மாதிரி கேட்டுச்சு. ஜல்லிக்கட்டுல பேரு வாங்கிச் செத்துப்போன வெள்ளையன் காளைக்கு ரைஸ் மில்லு பக்கத்துல ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர் இருந்துச்சு, அது ஆளு கணக்கா சொம்புல குடிக்குமா, தொட்டி தொட்டியா தவிட்டுத் தண்ணி கேட்டு மூச்சு விட்டுச்சு, ரோட்டுல போறவங்க சட்டையெல்லாம் பறந்துச்சு.

இதுல உச்சம் என்னன்னா, கல்யாண மண்டபம் வச்சிருக்க சேதுபாண்டி, பேனரெல்லாம் தாகத்துல தவிக்குதேன்னு மனசு எளகி, பேனருங்களுக்குன்னே ஒரு நீர்மோர் பந்தல் போட்டாரு. பந்தல் போட்டா பேனர் வைக்காம இருக்க முடியுமா? நாலு பக்கமும் தன் மூஞ்சி, "தாகம் தீர்க்கும் தங்கமே"ன்னு பெருசா. மொத நாள் காலையில பானையத் தொறந்து வச்சு அவரு குத்துவெளக்கு ஏத்தித் திரும்புறதுக்குள்ள, நாலு சேதுபாண்டியும் எட்டிக் குனிஞ்சு மோரு முழுசையும் உறிஞ்சிட்டு, கருவேப்பிலைய மட்டும் துப்பிட்டாங்க.

குடிச்ச தண்ணி பூராவும் ஊரணித் தண்ணி.

அந்த ஊரணி போன வருசம் வரைக்கும் ஊரணியே இல்ல. கருவேல முள்ளும், பாலிதீன் பையும், ஓட்டல் சாக்கடையும் சேந்து நாறிக் கெடந்த ஒரு பள்ளம். அதுக்குள்ள மொதல்ல கால வச்சவ தெக்குத்தெரு இருளாயி மக மங்களேஸ்வரி. டவுன் காலேஜுல படிக்கிற புள்ள, சத்தமா சிரிக்கும், அதவிட சத்தமா சண்ட போடும். அவளோட பஸ்ஸுல வர்ற கடைவீதி உமையாள் ரெண்டாவதா எறங்குனா. பள்ளிவாசல் தெரு ஜெய்லானி, பிளக்ஸ் கடையில டிசைன் போடுறவன், சும்மா வேடிக்க பாக்க வந்து மம்பட்டியோட மாட்டிக்கிட்டான். அந்த மூணு பேரு பின்னால அப்புறம் எளவட்டம் பூராவும் எறங்குச்சு பாருங்க, அடேயப்பா, ஞாயித்துக்கெழமை ஆனா கிரிக்கெட் கெடையாது, சினிமா கெடையாது, கை கொப்புளிக்க முள்ள வெட்டி, மூக்கப் பொத்திக்கிட்டு சாக்கடைய திருப்பி, மழைத்தண்ணி வர்ற வாய்க்கால ஏரி வரைக்கும் நடந்து நடந்து தோண்டி, ஊரே வாயப் பொளக்குற மாதிரி ஒரு வேல.

தெக்குத்தெரு ஆளுங்க கெழக்கு மூலையில சேத்துப் பக்கம் மட்டும்தான் தண்ணி மொள்ளணும்னு, எந்தக் காலத்துலயோ நட்ட முள்வேலி ஒன்னு ஊரணிக்குள்ள இருந்துச்சு. அதுவும் கருவேலத்தோட சேந்து போயிருச்சு. பெரியாளுங்க வந்து கேட்டப்ப மங்களேஸ்வரி மூஞ்சிய அப்பாவியா வச்சுக்கிட்டு, "எது வேலி முள்ளு, எது வெறும் முள்ளுன்னு எங்களுக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியலங்க, எல்லாம் ஒரே மாதிரிதான் குத்துச்சு"ன்னு சொன்னா. ஐப்பசியில மழை பெஞ்சு ஊரணி தளும்புனப்ப எது யாரு படின்னு தெரியாம எல்லாப் படியும் தண்ணிக்கு அடியில போயிருச்சு, எல்லாரும் எல்லாப் பக்கமும் மொண்டாங்க, தண்ணி எளநி மாதிரி இருந்துச்சு.

அந்த சந்தோசத்துல ஊரு என்ன செஞ்சுச்சு? பேனர் வச்சுச்சு. "ஊரணியை மீட்ட இளஞ்சிங்கங்களுக்கு நன்றி"ன்னு பஸ் ஸ்டாண்டுல, மூணு பேரு மூஞ்சியும் பப்பாளிப் பழம் மாதிரி பளபளன்னு. ஜெய்லானிதான் டிசைன். இப்ப பங்குனியில, அந்த மூணு மூஞ்சியும் ரோட்டுல நின்னு, தாங்க தோண்டுன ஊரணிய தாங்களே குடம் குடமா குடிச்சுக்கிட்டு இருந்துச்சு. மங்களேஸ்வரி ஏணியில ஏறித் தன் வாய்க்குத் தானே தண்ணி ஊத்துனா. அந்தப் பளபள மங்களேஸ்வரி நன்றின்னுகூட சொல்லல, "இன்னும்"னு கேட்டுச்சு.

"ஏன்டா இவளுக்கு இவ்வளவு தாகம்?"

"எல்லாரையும் நான்தான கலராக்குனேன்," ஜெய்லானி கீழ ஏணியப் புடிச்சுக்கிட்டே சொன்னான். "வெள்ளத் தோலுக்கு வெயில் தாங்காது போல மங்கா."

அவளுக்குச் சிரிப்பு வரல. மேல இருந்து பாத்தா ஊரணி தெரிஞ்சுச்சு. ஆவணி வரைக்கும் வர வேண்டிய தண்ணி, அடி சேறு மின்ன ஆரம்பிச்சிருந்துச்சு.

அதே ஏணியில இருந்து இன்னொன்னும் தெரிஞ்சுச்சு. நிழற்குடைக்கு அந்தப் பக்கம், எல்லாப் பேனரையும்விட வெளுத்துப்போன ஒரு பேனர், அதுல கூலிங் கிளாஸ் போட்டு, பைக் மேல சாஞ்சு, லேசா சிரிச்சுக்கிட்டு அவ அண்ணன் தவசி.

தவசி பைபாஸ்ல லாரி மோதி செத்துப் போயி ரெண்டு வருசம் ஆச்சு. ரோட்டோரம் கெடந்தப்ப தண்ணி தண்ணின்னு கேட்டானாம், அடிபட்டவனுக்குத் தண்ணி குடுக்கக் கூடாதுன்னு யாரோ தடுத்துட்டாங்களாம், அத எவனோ வந்து இருளாயிகிட்ட சொல்லித் தொலச்சிட்டான். கூட்டாளிங்க கண்ணீர் அஞ்சலி பேனர் அடிச்சு, அதத் தெக்குத்தெருவுலயே வையுங்கடான்னு கடைவீதி சொல்ல, வச்சா பஸ் ஸ்டாண்டுலதான் வைப்போம்னு மல்லுக்கட்டி வச்சாங்க. தெக்குத்தெரு மூஞ்சி ஒன்னு பஸ் ஸ்டாண்டுல ஏறுனது அதுதான் மொதத் தடவ. இருளாயி மொளகாக் காட்டு வேலைக்குப் போறப்ப ஒரு தடவ, வர்றப்ப ஒரு தடவ நிமிந்து பாத்துட்டுப் போகும். அழாது. பாக்கும், அவ்வளவுதான்.

பேனருக்கெல்லாம் தாகம் எடுத்த அன்னைக்கு அவனும் கேட்டான். மத்த பேனருல முக்காவாசி வெறுமன தண்ணின்னு கேட்டுச்சு, அவன் "அம்மா, தண்ணி"ன்னு கேட்டான்.

அன்னையில இருந்து இருளாயி நடையே மாறிப்போச்சு. மொளகா பறிச்ச கை பட்டா அவனுக்கு எரிஞ்சுரும்னு சீயக்காய் போட்டு, சாம்பல் போட்டு, மறுபடி சீயக்காய் போட்டு கழுவும், மோந்து பாக்கும், அப்புறம் குடத்தத் தூக்கும். ஏணி மேல நின்னு, ஒரு கையால அவன் தாடையப் புடிச்சுக்கிட்டு, மெதுவா, பொறை ஏறாம ஊத்தும். "மெல்லடா, மெல்ல. யாரு புடுங்கப் போறா." கீழ நிக்கிற ஆளுங்க ஏணிய அசையாம புடிச்சுக்குவாங்க, ஒருத்தரும் சீக்கிரம் எறங்குன்னு சொன்னதில்ல.

மங்களேஸ்வரிக்கும் ஜெய்லானிக்கும் தெரிஞ்ச, ஊருக்குத் தெரியாத விசயம் ஒன்னு இருந்துச்சு. ஒரு நாள் அம்மா காட்டுல இருக்கிறப்ப, திருச்சி பஸ் கண்டக்டர் ஒருத்தரு பாவப்பட்டு பஸ் கூரை மேல ஏறி தவசிக்கு பாட்டில் தண்ணிய நீட்டுனாரு. "அம்மா, தண்ணி"ன்னு கேட்டுத்தான் அவன் அதையும் குடிச்சான். மீசை வச்ச கண்டக்டர, அதே குரல்ல, அதே கொழையிற அம்மா.  அன்னையில இருந்து காலேஜு விட்டு வந்ததும் பைய வைக்காம அந்தப் பேனருக்குக் கீழ வந்து நின்னுக்குவா, வேற யாரு தண்ணியத் தூக்கிட்டு வந்தாலும், "எங்கண்ணனுக்கு நாங்க குடுத்துக்குவோம், நீங்க போங்க"ன்னு வெரட்டுவா. அம்மா இருக்குறப்ப எவனும் குடுத்துறக் கூடாது, அவன் எவனையாவது அம்மான்னு கூப்புட்டு அம்மா அத கேட்டுறக் கூடாது.

ஊரணி வத்தாம இருக்க வழியக் கண்டுபுடிச்சது உமையாளு. அவ பெரியமனுசி ஆனப்ப அவ தாய்மாமன் வச்ச பூப்புனித நீராட்டு விழா பேனர், அவ காலேஜுக்கே வந்துட்டா, இன்னமும் ரைஸ் மில்லு செவுத்துல நின்னுச்சு. அது சின்னப்புள்ளக் குரல்ல "மாமா, தண்ணி"ன்னு ரோடு பூரா கேக்குற மாதிரி கத்த, பஸ்ஸுல வர்ற பசங்க அதே மாதிரி கத்திக் காட்ட, உமையாளுக்கு மானம் போச்சு. ஒரு நாள் காலையில கடைவீதியே பாக்க, ஏணி வச்சு ஏறி, அரிவாளால கயித்த அறுத்து, தன்னையத் தானே சுருட்டி, தோள்ல போட்டு வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயி நெல்லு மூட்டைக்குப் பின்னால நிறுத்திட்டா. சாயங்காலம் போய் விரிச்சுப் பாத்தா, வாய மூடியிருந்துச்சு. கிள்ளிப் பாத்தா. வெறும் படம்.

"அடியே, அதுங்களுக்கு வேண்டியது தண்ணி இல்லடி," மூச்சு வாங்க ஓடி வந்து சொன்னா. "நிழலு! வீட்டுக்குப் போகணும், அவ்வளவுதான்!"

அந்த மூணு பேரும் மொதல்ல தங்களோட நன்றி பேனரத்தான் எறக்குனாங்க. ஊரு சுத்தி நின்னு பாத்துச்சு. கயித்த அறுத்து, மூஞ்சி மூஞ்சியா வெட்டி, ஆளுக்கு ஒன்ன அக்குள்ல இடுக்கிக்கிட்டுப் போனப்ப அந்த மூஞ்சிங்க வழியில கொஞ்ச நேரம் மொணங்குச்சு, நெலப்படி தாண்டுனதும் அடங்கிருச்சு.

அப்புறம் ஆரம்பிச்சாங்க பாருங்க வீடு வீடா. யாரையும் திட்டல, கோசம் போடல. ஏணியும் அரிவாளும் எடுத்துட்டுப் போயி, "உங்காளு வெயில்ல நிக்கிறாரு, உள்ள கூப்பிட்டுக்கங்க"ன்னு மட்டும் கேட்டாங்க. வச்ச பேனர் வச்சவங்க வீட்டுக்குள்ள, இதுதான் பேச்சு. காதணிக் குழந்தைய அவங்கம்மா இடுப்புல தூக்குற மாதிரியே தூக்கிட்டுப் போச்சு. வெள்ளையன் காளைய அதக் கட்டுன தொழுவத்துக்கே கொண்டு போனாங்க, அதுக்குச் சொந்தக்காரரு தொழுவத்து ஓலைய சரி பண்ணிட்டு ஓரமாப் போய் கண்ணத் தொடச்சுக்கிட்டாரு. சிங்கப்பூர்க்காரரு பேனர் வீட்ட விடப் பெருசு. மடிச்சு மடிச்சு எங்க போட்டாலும் ஒரு கண்ணோ ஒரு பல்லோ வெளிய தெரிஞ்சுச்சு. "இது ஒன்னு பத்தாதுன்னு அது வேறயா"ன்னு பொண்டாட்டி தலையில அடிச்சுக்கிச்சு, ஆனா சிரிச்சுக்கிட்டேதான் அடிச்சுக்கிச்சு. ஒரு விசயம் மட்டும் நல்லா வேல செஞ்சுச்சு. தன் மூஞ்சியோட ஒரு வாரம் ஒரே ரூம்புல கெடந்தவங்க யாரும் அதுக்கப்புறம் புது பேனர் அடிக்க ஜெய்லானி கடைப் பக்கம் வரல.

சேதுபாண்டியும் கடைவீதிப் பெருந்தலைங்களும் மட்டும் மசியல. ஊரணித் தண்ணி நடுக்குழிக்கு எறங்கி, வீட்டுக்கு இவ்வளவுதான் தண்ணின்னு ஊரே பங்கு வச்ச அன்னைக்கு, மண்டபத்து வாசல்ல கூட்டம் கூடுச்சு. சேதுபாண்டி மேல்துண்ட உதறி உக்காந்தாரு.

"ஏம்மா, ஊருக்கெல்லாம் ஏணி தூக்குறியே, உங்கண்ணன் மட்டும் நடு பஸ் ஸ்டாண்டுல நிக்கலாம், நாங்க எங்க மூஞ்சிய மடிச்சு கட்டிலுக்கு அடியில போடணுமாக்கும்? மொதல்ல உன் வீட்டு பேனர எறக்கு. அது எறங்குன மறுநிமிசம் நான் எறங்குறேன். நாங்கெல்லாம் எறங்குறோம்."

கூட்டம் அவளப் பாத்துச்சு. உமையாள் முழங்கையால இடிச்சா. சரின்னு ஒரு வார்த்த, ஊரணி பொழச்சிரும். மங்களேஸ்வரி கண்ணு முன்னால ஏணி மேல அம்மா நின்னுச்சு, ஒரு கையால தாடையப் புடிச்சுக்கிட்டு.

"எங்கண்ணன் எறங்க மாட்டான் சார்," அவ சொன்னா. "அவன் குடிக்கிறது இனிமே எங்க வீட்டுப் பங்குத் தண்ணி. ஊருப் பங்குல ஒரு சொட்டுத் தொட மாட்டோம். நீங்களும் உங்க வீட்டுப் பங்க உங்க பேனருக்குக் குடுங்க, யாரு வேண்டாம்னா?"

"என்னத்த சாரு மோருன்னுக்கிட்டு," சேதுபாண்டி முணுமுணுத்துக்கிட்டே எந்திரிச்சுப் போயிட்டாரு. தெக்குத்தெருப் புள்ள ஐயான்னு கூப்பிடாதது தண்ணியவிட அவருக்குப் பெரிய விசயமா இருந்துச்சு.

வெளிய வந்ததும் ஜெய்லானி புடிச்சுக்கிட்டான். "மங்கா, உங்கம்மாவ ஒரே ஒரு தடவ கீழ நிறுத்து. நான் ஏறி அவனுக்குத் தண்ணி குடுக்குறேன். என்னையும் அவன் அம்மாங்குறத அவங்க காதால கேட்டாப் போதும், அவங்களே எறக்கிருவாங்க."

"அத மட்டும் செஞ்சுப் பாரு, உன் கம்ப்யூட்டர ஊரணிச் சேத்துல பொதச்சிருவேன்."

"இல்ல, ஊருக்காகத்தான் சொன்னேன்."

"ஊருக்காகன்னா எங்கம்மாவ அறுக்கலாமாடா?"

அன்னைக்கு சாயங்காலம் அவனும் காவலுக்கு வந்து நின்னான்.

வீட்டுப் பங்குத் தண்ணி ரெண்டு பேருக்கே இழுபறி. அதுல மூணாவதா தவசி, செத்தவனுக்கு இருக்குற தாகம் உயிரோட இருக்குறவனுக்குக் கெடையாது போல, குடத்தக் கவுத்தாலும் பத்தல. மங்களேஸ்வரி சொல்லாம கொள்ளாம தன் தண்ணிய நிறுத்துனா. காலேஜுல குழாய்ல குடிச்சுட்டேன்ம்பா, கடையில சோடா குடிச்சுட்டேன்ம்பா, சோத்துல மோருக்குப் பதிலா வெறும் உப்பப் போட்டுப் பெசஞ்சு முழுங்குவா. உதடு வெடிச்சுச்சு. தேங்காயெண்ணெய் தடவிக்கிட்டா. லீவு நாளெல்லாம் ஏணி தூக்குனா, சாயங்காலமெல்லாம் காவல் நின்னா, சத்தமா சிரிக்கிறது மட்டும் கொறஞ்சுச்சு. அத யாரும் கவனிச்ச மாதிரி தெரியல.

ஒரு சனிக்கெழம, புதுமனை புகுவிழா பேனர் ஒன்ன எறக்குறப்ப, ஏணியப் புடிச்சுக்கிட்டு நின்னவ அப்புடியே சரிஞ்சு ரோட்டுல உக்காந்துட்டா. உமையாள் ஓடிப் போய் டீக்கடையில சொம்பு வாங்கிட்டு வந்தா. மங்களேஸ்வரி சொம்பக் கையில வாங்குனா, ஆனா வாய்க்குக் கொண்டு போகல, அவ கண்ணு நிழற்குடைக்கு அந்தப் பக்கம் போச்சு. "இத... அவனுக்கு வைடி. சாயங்காலத்துக்கு ஆகும்."

காட்டுல இருந்து மொளகாச் சாக்கோட வந்துக்கிட்டிருந்த இருளாயி அதப் பாத்துருச்சு.

சாக்க எறக்கி வச்சுச்சு. மெதுவா வந்து மக முன்னால குத்த வச்சு உக்காந்து, மொளகாக் கை எரியுமேன்னுகூட நெனைக்காம, வெடிச்ச உதட்டுல வெரல வச்சுப் பாத்துச்சு. மங்களேஸ்வரி சுருக்குன்னு தலைய இழுத்தா.

"எத்தன நாளாடி?"

"என்னது எத்தன நாளா? வெயிலும்மா. தாகமே இல்ல எனக்கு."

"பொய் சொல்லாத. செத்தவன் வாயத் தொறந்து கேக்குறான், குடுக்குறேன். உசுரோட இருக்குற நீ ஏன்டி கேக்க மாட்டேங்குற?"

  உமையாளுதான் தாங்க முடியாம, "அத்த, நான் எவ்வளவோ சொன்னேன் அத்த, அண்ணன எறக்கிருவோம்னு, இவதான்..."ன்னு ஆரம்பிச்சா. மங்களேஸ்வரி அவ கையப் புடிச்சு அமுக்குனா.

இருளாயி நிமிந்து மகனப் பாத்துச்சு. அவன் கூலிங் கிளாஸோட சிரிச்சான்.

"அவன் எல்லாரையும் அம்மான்னுதான் கூப்பிடுறான்," இருளாயி சொல்லுச்சு. "அத மறைக்கத்தான நீ இங்க காவல் நிக்கிற? எனக்கு மொத வாரமே தெரியும்டி. அந்த மீசக்கார கண்டக்டரு எறங்கி வந்து என்கிட்ட சிரிச்சுக்கிட்டே சொன்னாரு, எம்மா, உங்க மகன் என்னைய அம்மாங்குறான்னு."

 "அப்புறம் ஏம்மா..."

"யாரக் கூப்பிட்டா என்னடி? கொரலு அவனோடதுதான. பைபாஸ்ல கெடந்து கேட்டப்ப நான் இல்ல. இங்க கேக்குறான், நான் இருக்கேன். அத விட மனசு வரல." சேலை முந்தானையில மூக்கத் தொடச்சுச்சு. "அவனுக்குக் குடுத்துட்டேன் போதும். வயிறு நெறையக் குடுத்துட்டேன். டேய் ஜெய்லானி, ஏணிய எடு."

"அம்மா, உள்ள போனா பேச்சு நின்னுரும்," மங்களேஸ்வரி எந்திரிக்கப் பாத்தா, கால் தடுமாறுச்சு. "ஒரு வார்த்தகூடப் பேச மாட்டான். நல்லா யோசிச்சுக்க. ஊரணி கெடக்குது, அது அடுத்த மழைக்கு நெறஞ்சுக்கும்மா."

"நீ மொதல்ல அந்தச் சொம்பக் குடி. குடிக்கிற வரைக்கும் நான் ஏற மாட்டேன்."

மங்களேஸ்வரி குடிச்சா. கடைவீதியே பாக்க, தொண்ட ஏறி எறங்க, மூச்சு விடாம, கண்ணுல தண்ணி வழிய வழியக் குடிச்சா. அதப் பாத்துட்டுத்தான் இருளாயி டீக்கடைக் குழாய்ல கையக் கழுவுச்சு. மாஸ்டர் சோப்பு எடுத்து நீட்டுனாரு. அப்புறம் ஏறுச்சு. தாடையப் புடிச்சு, கடைசிச் சொம்ப மெல்ல மெல்ல ஊத்துச்சு. குடிச்சு முடிச்சு அவன் "அம்மா"ன்னான். "வா, வீட்டுக்குப் போவோம். வெயிலு"ன்னுச்சு இருளாயி, கயித்த அதுவே அறுத்துச்சு.

மடிக்க விடல. மூஞ்சியில மடிப்பு விழுந்துரும்னு சொல்லிருச்சு. அதனால விரிச்ச வாக்குலயே, சுத்தி ஆளுங்க ஓரத்தப் புடிச்சுக்கிட்டு, கல்யாணப் பந்தல் நகந்து போற மாதிரி கடைவீதி வழியாத் தூக்கிட்டுப் போனாங்க. தெக்குத்தெருப் பசங்க முன்னால, பள்ளிவாசல் தெரு, கடைவீதின்னு போகப் போக ஒவ்வொருத்தரா கடைய விட்டு எறங்கி வந்து ஓரத்தப் புடிச்சாங்க. அதுக்கு நிழல்ல, மங்களேஸ்வரி தோளப் புடிச்சுக்கிட்டு இருளாயி நடந்துச்சு. தவசி வழி பூரா வானத்தப் பாத்து தண்ணி கேட்டுக்கிட்டே வந்தான். ஒவ்வொரு தடவையும் இருளாயி கீழ இருந்து "வீடு வந்துருச்சுடா, வந்துருச்சு"ன்னு பதில் சொல்லிக்கிட்டே வந்துச்சு.

ஒத்த ரூம்பு ஓட்டு வீடு. செவுத்துல நிறுத்த எடமில்ல. ஜெய்லானிதான் நிமிந்து பாத்துட்டு, ஓட்டுக்கு அடியில, கைமரத்துல இழுத்துக் கட்டிருவோம், மழைக்கு ஒழுகவும் செய்யாதுன்னான். ஏணியில ஏறி நின்னு பசங்க கட்டுனாங்க. கட்டி முடிச்சு எறங்கி எல்லாரும் அண்ணாந்து பாத்தாங்க. தவசி மேல இருந்து கீழ பாத்துச் சிரிச்சுக்கிட்டிருந்தான். இருளாயி பாய விரிச்சு மல்லாக்கப் படுத்துச்சு.  எல்லாரும் மூச்ச அடக்கிக்கிட்டுக் காத்திருந்தாங்க, இன்னொரு தடவ கேப்பானான்னு. அவன் கேக்கல.

மங்களேஸ்வரி அம்மா கையப் புடிச்சா. மொளகா எரிச்சல் அவ கையிலயும் ஏறுச்சு. விடல.

ரொம்ப நேரம் கழிச்சு இருளாயி, "எடது பக்கம் தொங்குது பாரு, பைக்கு சாஞ்ச மாதிரி இருக்கு. ஒழுங்கா இழுத்துக் கட்டக் கூடாதா"ன்னுச்சு. பசங்க அடிச்சுப் புடிச்சு மறுபடி ஏறி சரி பண்ணாங்க. சரி பண்ணதும் அது எந்திரிச்சு உக்காந்து, முடிய அள்ளி முடிஞ்சு, முந்தானைய இடுப்புல சொருகுச்சு.

"அந்த ஏணிய எடு."

"எதுக்கும்மா? கொஞ்சம் படு."

இருளாயி வாசலத் தாண்டிருச்சு. மகளும், அவ கூட்டாளிங்களும் ஏணியத் தூக்கிக்கிட்டுப் பின்னால ஓட, அவங்க பின்னால தெருவே ஓட, தெக்குத்தெருவுல இருந்து கடைவீதிக்கு நட்ட நடுவுல நடந்து மண்டபத்து வாசல்ல போய் நின்னுச்சு. நீர்மோர் பந்தல்ல நாலு சேதுபாண்டியும் நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னாங்க, அஞ்சாவது சேதுபாண்டி நாற்காலியில ஒக்காந்து விசிறிக்கிட்டு இருந்தாரு. வாழ்நாள் பூராவும் அவர ஐயான்னு தவிர கூப்பிட்டறியாத இருளாயி, ஏணிய வாங்கி அந்தப் பந்தக்கால்ல சாத்திட்டுச் சொல்லுச்சு:

"ஏப்பா சேதுபாண்டி, எம்புள்ளையே எறங்கி வீட்டுக்கு வந்துட்டான். நீ இன்னும் வெயில்ல நின்னு என்ன பண்ணுற? ஏறு. நான் கீழ புடிச்சுக்குறேன்."

அவரு மங்களேஸ்வரியப் பாத்தாரு, கூட்டத்தப் பாத்தாரு, காஞ்சு போன தன்னோட நாலு மூஞ்சியையும் நிமிந்து பாத்தாரு. அப்புறம் துண்ட நாற்காலியில போட்டுட்டு, செருப்பக் கழட்டிட்டு, ஏறுனாரு.